ஏழு பேர் இருந்தால் போதும்

எங்கள் அணி இருந்தது ஒரே ஒரு சீசன். அதையும் முழு சீசன் என்று சொல்ல முடியாது. கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், பொத்தேரியில், சுற்றுச்சுவர் இல்லாத ஒரு மைதானத்தில் அது முடிந்துபோனது. மாவட்டப் பெண்கள் கால்பந்து லீக்கின் கடைசிப் பிரிவில் ஆடினோம். அதற்குக் கீழே வேறு பிரிவு இல்லாததால், தோற்றால் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் எங்களுக்கு இருந்ததில்லை.

அணியை ஆரம்பித்தவர் பொழிச்சலூர் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். கோச் மேடம் என்போம். தாம்பரம் மார்க்கெட்டில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் ஒருவர் ஜெர்சி கொடுத்தார். எல்லாம் ஆண்கள் அளவு. அரைக்கை எங்களுக்கு முழங்கையைத் தாண்டியது. முதுகில் மிக்ஸி படமும் கடைப் பெயரும் பெரிதாக, எண் சிறிதாக. ரெஃப்ரிக்கு யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால், "ஏம்மா மிக்ஸி, இங்க வா" என்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

பதிவு செய்தபோது பெரிய அணிதானாம். நான் சேர்வதற்குள் செமஸ்டர் பரீட்சை, வேலை, முழங்கால் வலி, வீட்டில் வேண்டாம் என்றது என்று ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். கால்பந்தில் பதினொரு பேர் ஆட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தது ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது எங்களைப் போன்ற அணிகளுக்குத்தான் தெரியும். தொடக்கத்திலோ நடுவிலோ ஆறு பேர் என்றால் ஆட்டம் கிடையாது, எதிரணிக்கு வாக்ஓவர். எங்கள் லீக்கில் இன்னொரு விதியும் இருந்தது. ஒரு சீசனில் இரண்டு முறை இப்படி ஆனால் அணியை நீக்கிவிடுவார்கள். அதுவரை ஆடியதெல்லாம் ஆடாத கணக்கு.

நான் சேரும்போதே ஒரு வாக்ஓவர் போயிருந்தது. அணியில் ஒருத்திக்குக் கல்யாணம். அன்றைக்கே மேட்ச். கல்யாணம் என்றால் தேதியை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து நினைத்துக்கொண்டார்கள். யாரும் லீக்கிடம் கேட்கவில்லை. எதிரணி மைதானத்தில் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அணி முழுவதும் பந்தியில் உட்கார்ந்திருந்தது, மணப்பெண் மட்டும் மேடையில்.

இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. எனக்கு அப்போது கைக்குழந்தை. என் கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை. மாலையில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அணி பயிற்சி செய்யும் பக்கத்து மைதானத்தைச் சுற்றி வருவேன். அங்கே தலைக்கு மேல் தாழ்வாக விமானங்கள் இறங்கும். பாப்பா ஒவ்வொன்றுக்கும் கை ஆட்டுவாள். ஒரு நாள் பந்து ஒன்று வண்டியை நோக்கி உருண்டு வந்தது. காலால் நிறுத்தி, திருப்பி உதைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கோச் மேடம் நேராக என்னிடம் வந்தார்.

"காலேஜ்ல ஆடினியா?"

"ரைட் பேக், மேடம். ஆனா பெஞ்சுலதான் அதிகம் உக்காந்தேன்."

"கவலைப்படாத. நம்ம டீம்ல பெஞ்சே கிடையாது."

பிரசவமாகி வருஷம் திரும்பவில்லை, ஓட முடியாது என்றேன். ஓட வேண்டாம், லைனுக்கு உள்ளே நின்றால் போதும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் யோசித்தேன். வேண்டாம் என்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. சரி என்பதற்கு ஒன்றுதான் இருந்தது. எனக்கு ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாததால் கணவரிடம், "பாவம், ஆள் இல்லாம தவிக்கிறாங்க" என்று சொன்னேன். அவர், "போயேன், உடம்புக்கும் நல்லதுதானே" என்றார். விழுப்புரத்திலிருந்து மாமியார் ஃபோனில் அழைத்தார்.

"பச்சக் கொழந்தைய வெயில்ல போட்டுட்டு பந்து ஆடப் போறியாமே?"

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அத்தை. குடை இருக்கு."

"குடையா பால் குடுக்கும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாப்பா பாட்டிலைத் தொட மாட்டாள். பாலாடையைத் தட்டிவிடுவாள்.

அணியில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருத்தி கேப்டன். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் மொபைல் கவர் விற்கும் கடையில் வேலை. வாய் ஓயாது. எதிரணியில் எவ்வளவு உயரமானவள் வந்தாலும், "இன்னா, பனைமரம் நடந்து வருது" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டு அவள் காலுக்குக் கீழேயே பந்தை எடுத்துக்கொண்டு போவாள்.

இன்னொருத்தி கோல்கீப்பர். அப்போதுதான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா பம்மலில் கறிக்கடை வைத்திருக்கிறார். எப்படி கோல்கீப்பர் ஆனாய் என்று கேட்டேன். "கோல்கீப்பர்னா ஃபுல் பேண்ட், ஃபுல் கை போடலாம்லக்கா. வீட்ல அதுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் பாத்தா எனக்கு இது வருது" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு அது வந்தது. ஏழு பேரை வைத்துக்கொண்டு பதினொரு பேரோடு ஆடும் அணியில், ஒவ்வொரு ஞாயிறும் பந்துகள் அவளை நோக்கி வந்துகொண்டே இருக்கும். நாங்கள் தோற்போம். ஆனால் அவள் இல்லையென்றால் எவ்வளவு தோற்றிருப்போம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு உடற்கல்வி படிக்க வேண்டும். மார்க் குறைவு, விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் இடம் கிடைக்கும். அதற்கு லீக் சான்றிதழ் வேண்டும். சீசனை ஆடி முடித்த அணிக்குத்தான் லீக் சான்றிதழ் கொடுக்கும். ஜெயிக்க வேண்டியதில்லை, முடித்தால் போதும். "சீட்டு கெடச்சா போ. இல்லன்னா மச்சான் துணிக்கடையில பில் போட உக்காரு" என்று அவளுடைய அத்தா சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னது அல்ல, வேறு வழி தெரியாமல் சொன்னது. ஆக, அணி இன்னொரு முறை ஆறு பேராகிவிடக் கூடாது என்பது எங்களுக்கு ஒரு மாதிரி, அவளுக்கு வேறு மாதிரி. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான்தான் ஏழாவது ஆள் என்பதும் தெரியும்.

நான் ஆடிய முதல் ஆட்டம் கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் சூழ்ந்த ஒரு மைதானத்தில். கோச் மேடம் ஒரு கையால் குடை பிடித்து, மறு கையால் வண்டியை ஆட்டிக்கொண்டே எங்களைத் திட்டினார். முதல் பாதி நல்லபடியாகப் போனது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாப்பா எழுந்துவிட்டாள். அவள் அழுகை எனக்கு மைதானத்தின் எந்த மூலையிலும் கேட்கும். பசி அழுகை என்று தெரிந்ததும் மார்பு கனத்து, ஜெர்சியில் மிக்ஸி படம் நனைந்தது. என் பக்கமாக ஒருத்தி பந்தோடு போனதை நான் பார்க்கவே இல்லை. கோல்.

கேப்டன் ரெஃப்ரியிடம் ஓடினாள். "சார், அக்கா கொழந்த அழுதுகினு கீது சார். பால் குடுத்துட்டு வந்துடட்டும். அஞ்சே நிமிட்."

"அதுக்கு ரூல் இல்லம்மா. அவங்க வெளிய போனா நீங்க ஆறு பேரு. ஆறு பேர வெச்சு நான் எப்படி மேட்ச மறுபடி ஆரம்பிக்கிறது?"

"யாருனா அடிபட்டு வுழுந்தா நிறுத்துவீங்கல்ல?"

"அதுக்கு நிறுத்தலாம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் கேப்டன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உருண்டாள். ரெஃப்ரி குனிந்து பார்த்தார். "உனக்கு உள்ள வெச்சு வைத்தியம் பாத்தா, நீ வெளிய போய் நின்னு, நான் கூப்பிட்டப்புறம்தான் வரணும். அப்பவும் ஆறு பேருதான். எழுந்திரு."

கேப்டன் ஒரே துள்ளலில் எழுந்தாள். "இன்னா சார், எப்டி போனாலும் பேஜாரா கீது."

ரெஃப்ரி நடுத்தர வயதுக்காரர். அவிழாத ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாதவர் போலச் சொன்னார்: "கோல்கீப்பருக்கு அடிபட்டா மட்டும் வெளிய போக வேண்டியதில்ல."

அடுத்த பந்து கோல்கீப்பரிடம் வந்தது. சுலபமான பந்து. மார்போடு பிடித்தாள், இரண்டு எட்டு வைத்தாள், பிறகு "அய்யோ அத்தா" என்று கத்திக்கொண்டு சாய்ந்தாள். ரெஃப்ரி விசில் ஊதினார். நான் கோட்டுக்கு ஓடினேன். எதிரணிப் பெண் ஒருத்தி, எங்களுக்கு எதிராகக் கோல் போட்டவளே, தன் பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து வந்து கோச் மேடத்தோடு சேர்ந்து எனக்கு மறைப்புப் பிடித்தாள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் வேப்பமரத்தைப் பார்த்தார். பாப்பா குடித்து முடித்ததும் கேப்டன் கை காட்டினாள். கோல்கீப்பர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

அன்று ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பாப்பாவைக் குளிப்பாட்டும்போது கழுத்து மடிப்பில் வியர்க்குரு பார்த்தேன். என் ஆசைக்காகக் குழந்தையை வெயிலில் வைக்கிறேன். குழந்தைக்காக ஒரு பெண்ணை மண்ணில் விழ வைக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் நான்தான் வாங்கிக்கொள்கிறேன் என்று தோன்றியது. அடுத்த வாரம் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். போகாவிட்டால் ஆறு பேர். போனேன்.

அதன் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. பாப்பா அழுதால் கோல்கீப்பர் விழ வேண்டும். பெரும்பாலான ரெஃப்ரிகளுக்கும் விஷயம் தெரிந்துபோனது. கோல்கீப்பர் தன் விழுகையை மெருகேற்றிக்கொண்டே வந்தாள். முதலில் காலைப் பிடித்தாள். பிறகு இடுப்பு. ஒரு நாள் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று கோல்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன வாரம் அளவுக்கு இல்ல டீ" என்பாள் கேப்டன். "வுழும்போது கைய கீழ வெச்சு உசாரா வுழற. அடிபட்டவ அப்டியா வுழுவா?"

"நெஜமாவே அடிபட்டா என்னடி பண்றது?"

"அதுக்குத்தான் சொல்றேன், நல்லா பழகிக்கோ."

நானும் அந்தச் சிரிப்பில் இருந்தேன். அவளுக்கு வீட்டிலிருந்து எதையாவது எடுத்துப் போவேன். வெல்லம் போட்ட வேர்க்கடலை உருண்டை, உரித்த மாதுளை. கொடுக்கும்போது, "எனக்காக ஒவ்வொரு வாரமும் விழறியே" என்பேன். "உங்களுக்கு இல்லக்கா, பாப்பாவுக்கு" என்பாள். ஒரே ஒரு ஆட்டம் கோல் இல்லாமல் டிரா ஆனது. அன்று நாங்கள் ஸ்டேஷனுக்கு வரும் வழியில் கரும்புச்சாறு குடித்து, உலகக் கோப்பை வாங்கியவர்கள்போல ரயிலில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தோம். எதிரில் உட்கார்ந்திருந்தவர், "எத்தனைம்மா ஜெயிச்சீங்க?" என்று கேட்டார். "ஜெயிக்கல சார், தோக்கல" என்றாள் கேப்டன்.

கடைசி ஆட்டம் பொத்தேரியில். எதிரணியில் எல்லோரும் ஹாஸ்டல் மாணவிகள். பதினொரு பேரும் போதாமல் ஓரத்தில் இன்னும் எட்டுப் பேர் மஞ்சள் அங்கி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைவிட அவர்களுடைய மாற்று ஆட்கள் அதிகம். கோல்கீப்பர் அன்று காலையில் ரயிலிலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு முடிச்சிட்டா போதும்க்கா" என்று மட்டும் சொன்னாள். ரெஃப்ரி புதியவர், இளைஞர். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது.

இடைவேளையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கொடுத்திருக்கலாம். தூங்கும் குழந்தையை எழுப்புவதா என்று தயங்கினேன். கோச் மேடம் கூட, "எழுப்பிக் குடுத்துடேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். இதை இப்போதும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எழுப்பியிருந்தால் அன்றைக்கு அந்த நேரத்தில் அவள் அழுதிருக்க மாட்டாள்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தபோதே பாப்பாவின் முதல் அழுகை கேட்டது. பாக்ஸுக்குள் கூட்டம். கோல்கீப்பர் எம்பினாள், பந்தைக் குத்தி வெளியே தள்ளினாள், இரண்டு பேரோடு சேர்ந்து கம்பத்தின் அடியில் விழுந்தாள். மற்ற இருவரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. விசில்.

"ஆஹா, இன்னா டைமிங் டீ!" என்று கேப்டன் கை தட்டினாள்.

நான் கோல்கீப்பர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கோட்டை நோக்கி நடந்தேன். நல்ல பெண், இந்த நெருக்கடியிலும் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். துப்பட்டா மறைப்புக்குள் உட்கார்ந்து பாப்பாவை எடுத்தேன். அவள் ஆவலோடு பற்றிக்கொண்டாள். லேசான காற்று. தண்டவாளத்தில் ஒரு ரயில் போகும் சத்தம். வெளியே கேப்டனின் குரல்: "எழுந்துடாத டீ, பாப்பா இன்னும் ஒரு பக்கந்தான் குடிச்சிருக்கு." யாரோ சிரித்தார்கள். புது ரெஃப்ரி, "ஆர் யூ ஓகே?" என்று கேட்பதும் காதில் விழுந்தது. பதில் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டியிருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எல்லாம் முடியப் போகிறது, ஒருவழியாக யாருக்கும் குறை வைக்காமல் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது பக்கமும் கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பம் வரும்வரை காத்திருந்தேன்.

நான் உள்ளே வந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, "பாப்பா குடிச்சிட்டாளாக்கா?" என்றாள்.

முகம் சாம்பல் பூத்திருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. இடது கையை வலது கை தாங்கிப் பிடித்திருந்தது.

"கைய காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடி."

"கொஞ்ச நேரந்தான்க்கா. இப்ப நான் போனா ஆறு. பாக்ஸ் உள்ள மட்டும் யாரையும் வுடாதீங்க. சொல்லிடாதீங்கக்கா. உங்கள கெஞ்சிக் கேக்கறேன்."

விசில் ஊதப்பட்டது. நான் என் இடத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாதோ? அல்லது, போனதற்கு வாய் திறக்காமல் கடைசிவரை ஆடியிருக்க வேண்டுமோ? சிறிது நேரம் ஆடினேன். ஒரு பந்து அவளை நோக்கிப் போனது. கையைக் கொண்டுபோகாமல் தொடையால் தடுத்தாள். தடுத்துவிட்டுக் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என் மகள் பெரியவளாகி இப்படி நின்றால், பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்மணி என்ன செய்ய வேண்டும் என்று நான் விரும்புவேன்? இப்படி யோசித்தால் பதில் உடனே வந்துவிடுகிறது. ஆனால் அவள் என் மகள் இல்லை. கேட்டது அவள். போகப்போவது அவளுடைய ஒரு வருஷம்.

பந்து வெளியே போனபோது ரெஃப்ரி எனக்குப் பக்கத்தில் இருந்தார். "சார், கீப்பருக்கு நிஜமாவே அடிபட்டிருக்கு" என்றேன். நிஜமாவே என்று ஏன் சொன்னேன் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் போய்க் கையுறையைக் கழற்றச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கோச் மேடம் ஓடி வந்து மெல்லக் கழற்றினார். மணிக்கட்டு இருந்த கோணத்தைப் பார்த்ததும் எதிரணிப் பெண்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரெஃப்ரி எங்களை எண்ணினார். விரலை நீட்டி, ஒவ்வொருவராக. பிறகு ஆட்டம் முடிந்தது என்று ஊதினார்.

"இன்னாக்கா இப்டி பண்ட்டீங்க" என்றாள் கேப்டன். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். பிறகு அவளே, "இல்லக்கா, நீங்க சொன்னது கரெக்ட்டு" என்றாள். கோல்கீப்பர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மடியில் பாப்பா, வயிறு நிறைந்த தெம்பில், அவளுடைய நல்ல கையின் விரலைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு, கொஞ்சம் விலகியும் இருக்கிறது என்றார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, விழுந்தவுடனே பார்த்திருந்தால் விலகாமல் இருந்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆட்டத்தை முடித்துவிட்டு வந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமா என்றும் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "அதுவும் சொல்ல முடியாது" என்றார். யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தால் நான் அதையே பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

லீக் எங்களை நீக்கியது. கோச் மேடம் நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். அவர்களுக்கும் வருத்தம்தான், ஆனால் விதி விதிதான். சான்றிதழ் இல்லை. அந்த வருஷத்துக்கு சீட்டும் இல்லை. ஜெர்சிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மிக்ஸிக் கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அதை வைத்து அவர் என்ன செய்வார்.

கை முறிந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு அவளுடைய அத்தா வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம் அலைமோதும் நேரம். அதனால்தான் அவர் எங்கள் ஆட்டம் எதையும் பார்த்ததில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு, சட்டையில் கறையோடு ஓடி வந்திருந்தார். மகளிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நேராக என்னிடம் வந்து கைகூப்பினார்.

"புள்ள சொல்லிச்சும்மா. எல்லாரும் வெளையாட்டுன்னு நெனச்சாங்களாம், நீங்கதான் மொதல்ல ஓடி வந்து பாத்தீங்களாம். பெத்த தாய் மாதிரி பாத்திருக்கீங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "பரவாயில்லைங்க" என்றேன். 

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குக் கறி வருகிறது. கடைப் பையன் கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போகிறான். தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் பாப்பாவுக்கு ஈரல். காசு கொடுத்தால் ஓடிவிடுகிறான். கணவர் ரசித்துச் சாப்பிடுகிறார். "எவ்வளவு நல்ல மனுஷன்" என்கிறார். நான் பாப்பாவுக்கு ஈரலை மசித்து ஊட்டுகிறேன். எனக்குப் பரிமாறிக்கொள்ளாமல், பசியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முன் அவளை அவள் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவளும் நானும் தனியாக இருந்த நேரத்தில், "ஏன் அப்படிச் சொன்னே? அத்தாகிட்ட நான் உண்மையைச் சொல்லப் போறேன்" என்றேன்.

அவள் பதறிவிட்டாள். "ஐயய்யோ, வேணாம்க்கா. நான் ஒவ்வொரு வாரமும் பொய்யா விழுந்தேன்னு தெரிஞ்சா, அதனாலதான் யாரும் பாக்கலன்னு தெரிஞ்சா, அத்தா இனிமே கிரவுண்டு பக்கமே விட மாட்டாரு. குரோம்பேட்டை டீம்ல கேட்டிருக்காங்க. கை சரியானா அடுத்த சீசன் எடுத்துக்கறாங்களாம். நீங்க நல்லவங்களாவே இருங்கக்கா. எனக்காக."

அதனால் நான் நல்லவளாகவே இருக்கிறேன். சொல்லிவிட்டால் என் மனம் லேசாகும், அவளுடைய அடுத்த சீசன் போய்விடும். ஒருமுறை சொல்லி அவளுக்கு ஒரு வருஷம் போனது போதும். இதை எழுதலாமா என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார் பேரும் போடாதீங்க. நான் நல்லா நடிப்பேன்னு எழுதுங்க" என்றாள். அவள் நன்றாகத்தான் நடிப்பாள்.

இப்போது அவள் பகலில் மச்சானின் துணிக்கடையில் பில் போடுகிறாள். வாரத்தில் இரண்டு மாலை தாம்பரம் சானடோரியம் பக்கம் பிசியோதெரபி. கூட்டிப் போவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். பாப்பா இப்போது நடக்கிறாள், ஸ்கூட்டரில் முன்னால் நிற்பேன் என்று அடம் பிடிக்கிறாள். மூன்று பேரும் போவோம். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. மடங்கிவிடும் என்கிறார்கள், நாள் ஆகும் என்கிறார்கள். குரோம்பேட்டைக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தோண்டிப்போட்ட ஒரு இடத்தில் வண்டி குலுங்கியது. பின்னாலிருந்து அவள், "அக்கா, வலிக்குது" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், அவசரமாக, "நெஜமாக்கா" என்று சேர்த்தாள்.

அவள் என்னிடம் எப்போதும் அப்படித்தான் சொல்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசிக்குது என்றால் சும்மா சொல்கிறாள். வலிக்குது என்றால் மட்டும், ஒவ்வொரு முறையும், நெஜமா என்று சேர்த்துக்கொள்கிறாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "எங்கே, காட்டு" என்று அவள் கையை வாங்கிப் பார்த்தேன்.